குரல்நாண்களைக் காணும் கேமரா: அஞ்ச வேண்டிய பரிசோதனையா?

“கேமராவை உள்ளே விட்டால் மூச்சு அடைத்துவிடுமா, டாக்டர்?”

காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. நோயாளி கேட்கத் தயங்கினால் உடன் வந்த மனைவியோ மகனோ கேட்பார்கள். உடலுக்குள் ஒரு கருவி நுழையப் போகிறது என்றால் அச்சம் எழுவது இயல்பு. அதை வாய்விட்டுக் கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விடை கிடைத்ததும் பெரும்பாலோர் அமைதியடைந்துவிடுவார்கள். கேட்காமல் அச்சத்தை மனத்திலேயே வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

குரல் பிறக்கும் இடம்

கழுத்தின் முன்புறத்தில், ஆண்களுக்குச் சற்றுப் புடைப்பாகத் தெரியும் குருத்தெலும்புக் கூடுதான் குரல்வளை. அதனுள்ளே, மூச்சுக்குழாயின் வாயிலில், குரல்நாண்கள் என்னும் இரண்டு மெல்லிய சதை மடிப்புகள் உள்ளன. நாம் மூச்சை இழுக்கும்போது இவை கவைக்கம்பு போல விரிந்து காற்றுக்கு வழிவிடுகின்றன. பேசும்போது நெருங்கி வந்து, நுரையீரலிலிருந்து எழும் காற்றால் அதிர்கின்றன. சாதாரணப் பேச்சில் ஆண்களின் நாண்கள் நொடிக்கு நூற்றுக்கும் சற்று மேற்பட்ட முறையும், பெண்களின் நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. உணவை விழுங்கும்போது இவை இறுக மூடிக்கொண்டு மூச்சுக்குழாயைக் காக்கின்றன. ஆகவே குரல்நாண்களில் குறை ஏற்பட்டால் பேச்சு, மூச்சு, விழுங்குதல் ஆகிய மூன்றில் எதுவும் பாதிக்கப்படலாம்.

வாயைத் திறந்து டார்ச் விளக்கு அடித்தால் இவை தெரியமாட்டா. நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால், கீழ்நோக்கித் திரும்பும் பாதையில் மறைந்திருக்கின்றன. இவற்றைக் காண வழிகாட்டியவர் மருத்துவர் அல்லர். ஒரு பாட்டு ஆசிரியர். ஸ்பெயின் நாட்டவரான மனுவேல் கார்சியா 1854ஆம் ஆண்டு, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது பாய்ச்சி, தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு அச்செய்தி லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. 1968இல் ஜப்பானிய ஆய்வாளர்களான சவாஷிமா, ஹிரோசே ஆகியோர், வளையும் கண்ணாடி இழைக் கருவியை மூக்கின் வழியே செலுத்திக் குரல்வளையைக் காணும் முறையை வெளியிட்டனர். இன்று நாம் செய்யும் பரிசோதனை அவ்வழி வந்ததே.

பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

லாரிங்கோஸ்கோப்பி என்னும் இப்பரிசோதனை பெரும்பாலும் புறநோயாளிகள் பிரிவிலேயே, நீங்கள் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போதே செய்யப்படுகிறது. முழு மயக்கம் தேவையில்லை.

முதல் முறையில், மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள வளையும் குழாய் மூக்கின் வழியே செலுத்தப்படுகிறது. அதற்குச் சில நிமிடங்கள் முன்னர், மூக்கை மரத்துப்போகச் செய்யும் மருந்து தெளிக்கப்படும். அம்மருந்து தொண்டையில் இறங்கும்போது கசக்கும். எச்சில் விழுங்கினால் தொண்டை தடித்துவிட்டது போலத் தோன்றும். அது மரத்துப்போன உணர்வே தவிர வீக்கம் அன்று. இரண்டாம் முறையில், நுனியில் சாய்வான பார்வை கொண்ட நேரான கருவி வாய் வழியே வைக்கப்படுகிறது. அப்போது மருத்துவர் துணியால் உங்கள் நாக்கை மெல்லப் பிடித்துக்கொள்வார். சிலருக்குக் குமட்டல் வரும்.

எம்முறையாயினும் “ஈ” என்று நீட்டிச் சொல்லும்படியும், ஆழமாக மூச்சை இழுக்கும்படியும் கேட்போம். நாண்கள் நெருங்குவதையும் விலகுவதையும் திரையில் காண்போம், நீங்களும் காணலாம். நாண்களின் அதிர்வு கண்ணுக்குப் புலப்படாத வேகமுடையது. அதைப் பார்க்க வேண்டியிருந்தால், விட்டுவிட்டு ஒளிரும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி விளக்கைப் பயன்படுத்துவோம். அவ்வொளியில் நாண்கள் நிதானமாக அலை போல அசைவதாகத் தெரியும். பரிசோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். வழக்கமான பரிசோதனையில் கருவி குரல்நாண்களுக்கு மேலேயே நின்றுவிடுகிறது, மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதில்லை. காற்று செல்லும் பாதை திறந்தே இருக்கும். முதுநிலை மாணவராக இருந்த காலத்தில், நானும் உடன் பயின்றவர்களும் இக்கருவியை ஒருவர் மூக்கில் ஒருவர் செலுத்திப் பழகினோம். மூக்கின் குறுகிய வளைவைக் கடக்கும் நொடியில் ஓர் அழுத்தமும் கண்ணில் நீரும் வந்தன. மூச்சு நிற்கவில்லை, பேசவும் முடிந்தது. சுகமான அனுபவம் என்று சொல்லமாட்டேன். தாங்கக்கூடிய அனுபவம் என்று உறுதியாகச் சொல்வேன்.

முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள், மரத்துப்போகும் மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், முன்பு மூக்கில் அறுவை செய்துகொண்டவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

பரிசோதனை முடிந்ததும் வெளியே சென்று காப்பி குடிக்க வேண்டா. தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் புரையேறும். சூடு தெரியாமல் வாய் புண்ணாகும். உணர்வு திரும்பும் வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருங்கள். பிறகு முதலில் குளிர்ந்த நீரைச் சிறிது பருகிப் பாருங்கள். மூக்கிலிருந்து சிறிதளவு ரத்தம் கசியலாம். நிற்காவிட்டால் உடனே எங்களிடம் வர வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது ஒலி எழுப்பும் கைக்குழந்தைகளுக்கும் இப்பரிசோதனை தேவைப்படுவதுண்டு. தாயின் மடியில் வைத்தே செய்யலாம். பக்கவாதத்திற்குப் பின் அடிக்கடி புரையேறும் முதியவர்களுக்கு, இதே கருவியை வைத்துக்கொண்டு நிறமூட்டிய உணவைச் சிறிது விழுங்கச் செய்து, எவ்வகை உணவு பாதுகாப்பானது என்று கண்டறியலாம்.

எதைக் காட்டும், எதைக் காட்டாது?

ஆசிரியர்கள், கூவி விற்கும் வியாபாரிகள், பாடகர்கள் போன்றோரின் நாண்களில் காய்ப்பு போன்ற சிறு முடிச்சுகள் தோன்றலாம். பெரும்பாலும் குரலுக்கு ஓய்வும் குரல் பயிற்சியுமே இவற்றுக்குப் போதும். நீர்க்கட்டி, சதை வளர்ச்சி, காசநோய்ப் புண் ஆகியவையும் தென்படலாம். ஒரு நாண் அசையாதிருந்தால், அதை இயக்கும் நரம்பு எங்கே பாதிக்கப்பட்டது என்று தேடுவோம். அந்நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டிச் செல்கிறது. இடப்புற நரம்போ மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியைச் சுற்றி மேலே வருகிறது. எனவே தொண்டையில் தெரியும் குறைக்குக் காரணம் மார்பில் இருக்கவும் கூடும்.

கேமரா சந்தேகத்தை எழுப்பும்; புற்றுநோயை உறுதி செய்யாது. அதற்குச் சதைப் பரிசோதனை தேவை. கேமரா பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாலே புற்றுநோய் என்று பொருள் கொள்ள வேண்டா.

மூன்று வாரம் என்னும் எல்லை

சளி, இருமலால் வரும் குரல் கரகரப்பு பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் நீங்கிவிடும். மூன்று வாரங்களைக் கடந்தும் நீடித்தால் குரல்நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும். புகையிலைப் பழக்கம், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மூன்று வாரம் கூடக் காத்திருக்கலாகாது. மூச்சுத் திணறலோ, மூச்சு இழுக்கும்போது ஒலியோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

மளிகைக் கடை நடத்தும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், ஐந்து மாதக் கரகரப்புடன் வந்தார். முப்பது ஆண்டுகளாகப் பீடி புகைப்பவர். மிளகுப் பால், அதிமதுரம், சித்தரத்தை, கடையில் வாங்கிய மாத்திரைகள் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இரண்டாம் மாதமே ஒரு மருத்துவர் கேமரா பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அச்சீட்டு மடித்தபடியே சட்டைப் பையில் இருந்தது. “கேமரா என்றாலே அவருக்குப் பயம், டாக்டர். என்னிடம் கூடச் சொல்லவில்லை. துவைக்கும்போதுதான் சீட்டைப் பார்த்தேன்” என்றார் அவர் மனைவி.

பரிசோதனை மூன்று நிமிடத்தில் முடிந்தது. “இவ்வளவுதானா?” என்று அவர் கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. திரையில் வலப்புற நாணின்மீது வெண்மையான, கரடுமுரடான வளர்ச்சி தெரிந்தது. அந்நாணின் அசைவும் குறையத் தொடங்கியிருந்தது. சதைப் பரிசோதனை புற்றுநோய் என்று உறுதி செய்தது.

குரல்நாண் புற்றுநோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. மிகச் சிறியதாக இருக்கும்போதே குரலை மாற்றி, தன் இருப்பைத் தெரிவித்துவிடும். நாணின் அசைவு குறையும் முன்னரே கண்டறிந்தால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகிறார்கள், குரலும் மிஞ்சுகிறது. தாமதம் கூடக்கூட, குரல்வளையையே அகற்ற வேண்டிய நிலையும் வரலாம்.

அவருக்கு ஏழு வாரக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. பீடியை விட்டுவிட்டார். ஒவ்வொரு முறை வரும்போதும் அதே நாற்காலியில் அமர்ந்து கேமராவுக்கு “ஈ” என்கிறார். குரல் சற்றுத் தடித்திருக்கிறது. கடையில் கணக்குச் சொல்லப் போதுமாயிருக்கிறது. இதுவரை நோய் திரும்பவில்லை. சீட்டு சட்டைப் பையில் கிடந்த அம்மூன்று மாதங்களைப் பற்றி அவர் ஒருமுறை கேட்டார்: “அப்போதே வந்திருந்தால்?” சிகிச்சை இன்னும் எளிதாக இருந்திருக்கக்கூடும் என்று உண்மையையே சொன்னேன்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் குரல் மாறி மூன்று வாரங்கள் ஆகியிருந்தால், அவர்களிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்த சீட்டு ஏதேனும் மடித்தபடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அச்சம் இருந்தால் அதையும் உடன் அழைத்து வாருங்கள். கருவியைக் கையில் கொடுத்துக் காட்டிய பிறகே பரிசோதனையைத் தொடங்குவோம்.