கொப்புளத்துக்கு ரத்தத்தில் துப்பு

வாய்ப்புண் மாதக்கணக்கில் ஆறாது. பிறகு மார்பிலும் முதுகிலும் தளர்ந்த கொப்புளங்கள், தொட்டாலே உடையும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கொப்புளம் என்றாலே 'அக்கி' என்று காவி எழுத ஆள் தேடுவோர் இன்னும் உண்டு. அக்கி வைரஸால் வருவது. உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகப் படரும். முதலில் சொன்ன கொப்புளங்கள் பெம்பிகஸ் என்ற வேறு நோயின் அடையாளம். இதற்குக் கிருமி இல்லை, பிறருக்குத் தொற்றவும் செய்யாது.

சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரில் இதை விளக்குவது எளிது. தோலின் செல்கள் செங்கல் என்றால், டெஸ்மோகிளீன் என்ற புரதம் அவற்றைப் பிடித்துவைக்கும் கலவை. உடம்பே அதைப் பகையாக நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கினால் சுவர் விட்டுப்போகிறது. முதியவர்களை அதிகம் தாக்கும் பெம்பிகாய்டு என்ற நோயில் விட்டுப்போவது மேல்தோலின் அடிப்பிடிப்பு; கொப்புளம் விறைப்பாக நிற்கும். இரண்டும் தனித்தனி நோய்கள் என்று 1953இல் பிரித்துக் காட்டியவர் வால்டர் லீவர்.

பெம்பிகஸ் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதை 1964இல் அமெரிக்காவின் பஃபலோவில் பியூட்னரும் ஜோர்டனும் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய ஒளிர்வுச் சோதனை இன்றும் நடக்கிறது. குரங்கின் உணவுக்குழாய்ச் சீவலில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்ப்பார்கள். செல்களைச் சுற்றிப் பச்சை வலைக்கோடு தெரிந்தால் பெம்பிகஸ். பெம்பிகாய்டுக்கு உப்புக்கரைசலில் ஊறவைத்துப் பிரித்த மனிதத் தோல் வேண்டும். பழகிய கண் இல்லாமல் இதெல்லாம் ஆகாது.

எலிசா என்ற ரத்தச் சோதனை கண்ணை நம்புவதில்லை, எண்ணாகச் சொல்லிவிடும். டெஸ்மோகிளீனின் 3ஆம் வகைக்கு மட்டும் எதிர்ப்பொருள் என்றால் நோய் பெரும்பாலும் வாயோடு நிற்கும். 1ஆம் வகைக்கும் சேர்ந்து இருந்தால் தோலிலும் பரவும். சிக்கல் ஒன்றே: 96 குழிகள் கொண்ட தட்டை ஒருவருக்காகப் பிரிக்க ஆய்வகங்கள் தயங்கும், மாதிரிகள் சேரக் காத்திருக்கும். பயோசிப் என்ற சோதனையில் அந்தக் காத்திருப்பு இல்லை. பல திசுக்களும் புரதங்களும் ஒரே சில்லில் இருப்பதால் ஒருவரின் சீரமே போதும். ஆனால் எலிசா போலத் துல்லியமான எண் தராது.

முதல் சாட்சி இன்னமும் தோல்தான். கொப்புளத்தின் ஓரத்தில் எடுக்கும் துணுக்கை ஃபார்மலினில் போட்டால் ஒளிர்வுச் சோதனைக்கு உதவாது. அதைக் காக்க மிஷெல் கரைசல் வேண்டும். மாவட்ட மருத்துவமனையிலிருந்து பெருநகர ஆய்வகத்துக்குச் சீரம் அனுப்புவது அதைவிட எளிது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட அரியலூர் போன்ற ஊர்களுக்கு ரத்தச் சோதனை பயன்படுவது இங்கேதான். ஊரிலேயே முதல் துப்பு வேண்டுமென்றால், கொப்புளத்தின் அடியைச் சுரண்டி, கீம்சா சாயமிட்டு உடனே பார்க்கும் ட்ஸாங்க் சோதனைக்கு நுண்ணோக்கி ஒன்றே போதும்.

ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கியபின் எலிசா காட்டும் டெஸ்மோகிளீன் 1 எண் நோயோடு சேர்ந்து இறங்கும். 3இன் எண் சிலருக்குப் புண் ஆறிய பிறகும் உயர்ந்தே இருக்கும். அதை மட்டும் பார்த்து ஸ்டீராய்டைக் கூட்டமாட்டார்கள்.