உங்களுக்குத் தெரியுமா? – ஒட்டுக்கேட்டு உறவு அறிதல்

● மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள். அவை பேசுவது ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனே நீளும் மின்துடிப்புகளால். மெல்லிய மின்வாயைச் செருகினால் துடிப்பு கேட்கும். எந்தக் கலம் எதனோடு, எவ்வளவு வலுவாக இணைந்திருக்கிறது என்பது கேட்காது. துடித்த நேரங்களை வைத்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும்.

● அதற்கு வழி காட்டியவர்கள் டொனால்ட் பெர்கெல், ஜோர்ஜ் கேர்ஸ்டீன், ஜோர்ஜ் மூர். ஆண்டு 1967. 'அ' என்ற கலம் துடிக்கும் ஒவ்வொரு கணத்தையும் பூச்சியமாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் 'ஆ' எப்போதெல்லாம் துடித்தது என்று எண்ணி வரைபடம் போட்டார்கள். பூச்சியத்துக்குச் சற்றுப் பின்னால் கூரிய முகடு எழுந்தால் 'அ' தூண்டுகிறது என்று கொள்ளலாம். பள்ளம் விழுந்தால் அடக்குகிறது.

● வலுவை அளப்பது எப்படி? 'ஆ' செக்கனுக்குச் சராசரியாக 10 தடவை துடிக்கிறது என்று வைப்போம். 'அ' 10,000 தடவை துடித்தால், ஒவ்வொரு மில்லிசெக்கன் கட்டத்திலும் தற்செயலாகவே 100 துடிப்புகள் விழும். மூன்றாவது கட்டத்தில் 300 இருந்தால், மிகை 200. ஆக, 'அ' நூறு தடவை துடித்தால் இரண்டு தடவை 'ஆ'வை எழுப்பிவிடுகிறது.

● சேர்ந்து துடிப்பதெல்லாம் உறவாகாது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தால் படகுகள் எல்லாம் ஒன்றாகக் கட்டிக் கிடக்கும்; வாய் திறந்தால் வரிசையாகக் கடலுக்குப் போகும். "முன்னால் போன காக்காதான் மற்ற எல்லாரையும் கூப்பிட்டார்" என்று சொன்னால் ஊரே சிரிக்கும். மூளையிலும் அப்படித்தான்: மூன்றாவது கலமொன்று இரண்டையும் தட்டியெழுப்பினால், அந்த இரண்டுக்கும் இடையில் இல்லாத இணைப்பு இருப்பதாகத் தோன்றும்.

● இந்த மயக்கத்தைக் குறைக்க ஒரு சோதனை உண்டு. துடிப்பு நேரங்களைச் சில மில்லிசெக்கன் முன்பின்னாகக் கலைத்துவிட்டு மறுபடி எண்ணுவார்கள். கலைத்த பிறகும் முகடு நின்றால், அது பொதுவான ஏற்ற இறக்கத்தின் வேலை. மறைந்துபோனால் இணைப்பு இருக்கலாம். இம்முறையின் கணித அடிப்படையை 2012இல் விரிவாக எழுதியவர்கள் அசோகன் அமரசிங்கமும் அவருடைய மூன்று சகாக்களும்.

● இரண்டிரண்டாக எண்ணாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரியுருவில் போட்டுப் பார்த்தது ஜொனதன் பில்லோவின் குழு. 2008இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவை குரங்கு விழித்திரையின் 27 கலங்கள். கலங்களுக்கிடையிலான பிணைப்பையும் சேர்த்துக் கணித்தபோது, கண் பார்த்த காட்சியைப் பற்றி 20 சதவீதம் அதிகத் தகவல் கிடைத்தது.

● பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற கிளைவ் கிரேஞ்சரின் கேள்வி இது: 'அ'வின் பழைய தரவு 'ஆ'வின் அடுத்த நகர்வை முன்கூட்டிச் சொல்ல உதவுகிறதா? இதை மூளை அலைகளில் கேட்டுப் பார்க்கப் புதிய வழியொன்றை 2008இல் தந்தவர்களில் ஒருவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகக் கணிதவியலாளர் கோவிந்தன் ரங்கராஜன்.

● இணைப்பு வரைபடம் கையில் இருந்தாலும் வேலை முடியாது. ஒரு மில்லிமீற்றர் நீளப் புழுவான சீ. எலிகன்ஸின் 302 நரம்புக்கலங்களும் எப்படி இணைந்திருக்கின்றன என்பது 1986இலேயே அச்சில் வந்துவிட்டது. 2023இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அக்கலங்களில் பலவற்றை ஒளியால் ஒவ்வொன்றாகத் தூண்டி, மற்றவை என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். பல இடங்களில் வரைபடம் சொன்னது ஒன்று, நடந்தது வேறு. ஒரு காரணம், கலங்கள் வெளிவிடும் நரம்புப் பெப்டைட்டுகள். நேரடி இணைப்பு இல்லாத கலத்துக்கும் அவை சேதி கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.