மறதிக்குள் ஒரு காதல்

சீன எழுத்தாளர் தாங் சி எழுதிய மறுபிறவிக் காதல் நாவலொன்றை ஆங்கிலத்தில் வாசித்தேன். சீனத்தில் 2009இல் நூலான இது, 2016இல் 'டு த ஸ்கை கிங்டம்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2017இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

கதையைச் சொல்பவள் பாய் சியென். 1,40,000 வயதான நரித்தேவதை! சோம்பலும் குறும்பும் கலந்த அவளது பேச்சே நாவலின் பெரும்பலம். தனக்கு நிச்சயிக்கப்பட்ட தேவலோக இளவரசன் யே ஹுவா தன்னைவிட மிக இளையவன் என்று அவள் சங்கடப்படும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். அவனது சின்ன மகன் அவளைக் கண்டதும் "அம்மா" என்கிறான். அது உண்மையென்பது அவளுக்குத் தெரியாது.

ஏனெனில், முன்பொருமுறை நினைவிழந்து மானிடப் பெண்ணாக யே ஹுவாவோடு வாழ்ந்தவள் அவள். அவள்மீது பொய்ப்பழி விழுந்தபோது அவளது கண்களைப் பறித்தவனும் அவனே. அவளைக் காக்கத்தான் அப்படிச் செய்தானாம். அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளையைப் பெற்றபின் உயர்ந்த மேடையிலிருந்து குதிக்கிறாள். பிறகு மருந்தருந்தி எல்லாவற்றையும் மறக்கிறாள்.

எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். மறந்தவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லையே! நினைவு திரும்பி அவள் கோபங்கொண்ட சிறிது காலத்திலேயே அவன் போரில் மடிகிறான். நியாயம் கேட்க வேண்டியவளை ஆசிரியர் அழ வைத்துவிடுகிறார். குற்றம் முழுவதும் சூ சின் என்ற இன்னொரு பெண்ணின் தலையில் விழுகிறது.

ஆனாலும், பறிபோன கண்களை அவள் தானே சென்று மீட்கும் பகுதியை நான் இருமுறை வாசித்தேன்.