ஆதி ஒளிக்குத் தரையில் ஏன் தொலைநோக்கி?

பெருவெடிப்பின் மிச்ச ஒளியை அளக்க நாசா கோபே, டபிள்யூமேப் என இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பியது. ஐரோப்பா 2009-இல் பிளாங்கை அனுப்பியது. பிறகும் அதே ஒளிக்காகத் தென்துருவத்திலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் தொலைநோக்கிகள் எதற்கு என்று கேட்பது நியாயம்தான்.

முதலில் அந்த ஒளி. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த பிரபஞ்சம், முதல் 3,80,000 ஆண்டுகள் ஒளி ஊடுருவ முடியாத கொதிகுழம்பாக இருந்தது. அது ஆறி அணுக்கள் உருவானதும் ஒளிக்கு வழி திறந்தது. பிரபஞ்சம் விரிய விரிய அலைநீளம் நீண்டு, அன்று கிளம்பிய ஒளி இன்று நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்கிறது. 1964-இல் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற ஆய்வாளர்கள் தங்கள் ஆன்டெனாவில் தற்செயலாகப் பிடித்த தீராத இரைச்சல் இதுதான். அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவே ஏற்றத்தாழ்வு. விண்மீன் திரள்களின் விதைகள் அந்த ஏற்றத்தாழ்வுகளே.

தரையின் முதல் பலம் ஆடியின் அளவு. பிளாங்கின் ஆடி ஏறத்தாழ 1.5 மீட்டர், தென்துருவத் தொலைநோக்கிக்கு 10 மீட்டர். ஆடி பெரிதாக ஆக, நுணுக்கமான புள்ளிகளும் பிரிந்து தெரியும். இன்னொன்று, ஏவிய செயற்கைக்கோளில் கருவியை மாற்ற வழியில்லை. தென்துருவத் தொலைநோக்கியிலோ 2007-க்குப் பிறகு இரண்டு முறை கேமராவையே மாற்றிவிட்டார்கள்.

தரையில் பெரிய தொல்லை நீராவி. அது நுண்ணலையை உறிஞ்சும், தானும் உமிழும். அதனால்தான் வறண்ட, உயரமான இடங்களாகத் தேடிப் போகிறார்கள். தென்துருவம் சுமார் 2,800 மீட்டர் உயரம். குளிரில் காற்றின் ஈரமெல்லாம் உறைந்து உதிர்ந்துவிடும். ஆறு மாதம் சூரியன் உதிக்காததால் காற்றும் அலைபாயாது. பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து நின்றால் வசந்தம் வரும்வரை வெளியுலகோடு வழக்கமான போக்குவரத்து இல்லை. கருவியைப் பார்த்துக்கொள்ளத் தங்கும் சிலர், மைனஸ் 60 டிகிரிக்கும் கீழான இருட்டில், நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போகிறார்கள்.

அந்தக் குளிரும் கருவிக்குப் போதாது. உணரிகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரிக்கும் குறைவான நிலைக்குக் குளிர்விக்க வேண்டும். ஒவ்வோர் உணரியிலும் மெல்லிய மீக்கடத்திப் படலம் ஒன்று உண்டு. மின்தடை மறையும் விளிம்பிலேயே அதை நிறுத்தி வைப்பார்கள். வானத்திலிருந்து துளி வெப்பம் பட்டாலும் மின்தடை சட்டென்று ஏறும். அந்த ஏற்றமே அளவீடு.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் சறுக்கல் நேர்ந்தது. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் திடீரென்று பெருகியது உண்மையானால், அப்போது எழுந்த ஈர்ப்பு அலைகள் இந்த ஒளியின் தளவிளைவில், அதாவது அதன் அதிர்வுத் திசையில், சுழல் போன்ற தடத்தைப் பதித்திருக்கும். 2014 மார்ச் 17 அன்று, தென்துருவத்தின் பைசெப்2 தொலைநோக்கிக் குழு அந்தத் தடத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. ஆனால் பைசெப்2 பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். பால்வீதியின் காந்தப்புலத்தில் வரிசை கட்டி நிற்கும் தூசியும் அதே தடத்தைப் பதிக்கும்; ஒரே அலைவரிசையில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. 2015-இல் பிளாங்க் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, தூசியைக் கழித்த பிறகு ஈர்ப்பு அலைக்கான சான்று எஞ்சவில்லை. அவசரப்பட்டார்கள் என்பது உண்மை. மாற்றுக் குழுவின் தரவோடு ஒப்பிட்டுத் தங்கள் முடிவைத் தாங்களே திருத்தியதை அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அந்த அலைகளின் வலிமையைக் குறிக்கும் எண் 0.2 என்று அன்று சொன்னவர்கள், கூடுதல் அலைவரிசைகளோடு தொடர்ந்து உழைத்து, அது 0.036-க்கும் குறைவு என 2021-இல் காட்டினார்கள்.

அட்டகாமாவில் 5,200 மீட்டர் உயரத்தில் எழுந்துள்ள சைமன்ஸ் ஆய்வகம் ஆறு அலைவரிசைகளில் பார்க்கும். அதன் 6 மீட்டர் தொலைநோக்கியிலும் சிறிய தொலைநோக்கிகளிலும் மொத்தம் 60,000 உணரிகளுக்கு மேல் உண்டு.

இதற்கும் அடுத்த கட்டமாக, துருவத்தையும் சிலியையும் இணைக்கும் சிஎம்பி-எஸ்4 திட்டத்தைப் பல ஆண்டுகளாக வகுத்து வந்தார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் 2025 மே மாதம் அதைக் கைவிட்டன. தூசியைப் பிரித்தறியும் வழி கைவசமான நேரத்தில் எடுத்த இந்த முடிவு தவறு. அது மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும்.