வன்னி: வேரை நம்பி நிற்கும் மரம்

தார்ப் பாலைவனத்தில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தாண்டும்போதும் பச்சை மாறாமல் நிற்கிற மரம் வன்னி. ராஜஸ்தானில் அதைக் கேஜ்ரி என்பார்கள். அரபு நாடுகளில் காஃப். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைக்காத ஜெய்சல்மேர் பகுதியிலும் வெயில் ஏற ஏறத்தான் அது புதுத் தளிர் விடுகிறது. 1983இல் ராஜஸ்தான் அதை மாநில மரமாக அறிவித்தது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அது தேசிய மரம். தமிழ்நாட்டில் விருத்தாசலம் கோயிலின் தல விருட்சமும் வன்னிதான்.

சீமைக்கருவேலத்தை வன்னி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரம் வன்னிக்கு உறவு என்பதால் ஜாடை ஒத்துப்போகிறது. சந்தேகம் வந்தால் ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். சீமைக்கருவேலத்தில் நீண்ட முட்கள் இலை முளைக்கும் கணுவிலேயே இருக்கும். வன்னியில் ரோஜாச் செடியைப் போலக் கட்டையான சிறு முட்கள் கணுக்களுக்கு இடையே அங்கங்கே நிற்கும்.

வன்னியின் பலம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதன் ஆணிவேர் 30 மீட்டருக்கும் மேல் இறங்கி ஆழத்து ஈரத்தை எட்டிப் பிடிக்கும். வளர்ப்பு முறை முழுவதும் இந்த வேரை வைத்துத்தான். முதல் சில ஆண்டுகள் செடி வெளியே அசையாமல் நிற்பதுபோல் தோன்றும்; சத்தெல்லாம் வேருக்குப் போய்க்கொண்டிருக்கும். பொறுமையில்லாதவர்கள் பிடுங்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான்.

விதையை ஜூன், ஜூலையில் பழுத்து விழும் காய்களிலிருந்து எடுக்கலாம். மேல்தோலில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் வண்டு தின்றுவிட்டது என்று ஒதுக்கிவிட வேண்டும். தோல் கெட்டியானது என்பதால் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். சாதாரண நாற்றுப் பையில் வேர் அடியைத் தொட்டுச் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட வேர் பிறகு நேராக இறங்குவது கடினம். அதனால் நீளமான பைதான் வேண்டும்.

பருவமழை மண்ணை நனைத்ததும் இரண்டடி ஆழக் குழியில் நடலாம். சுற்றிலும் தட்டுப்போல் பாத்தி கட்டினால் பெய்கிற மழை செடியடியிலேயே தங்கும். முதல் இரண்டு கோடைக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றலாம், ஆனால் அடிக்கடி மேலாக ஊற்றக் கூடாது. மேல்மண்ணிலேயே ஈரம் கிடைத்துவிட்டால் வேர் கீழே இறங்க அவசியம் இருக்காது. ஆடும் ஒட்டகமும் இளந்தளிரை விடாது, முள்வேலி கட்டாயம். உவர் கலந்த மண்ணை ஓரளவு தாங்கும் இந்த மரம் தண்ணீர் தேங்கும் இடத்தைத் தாங்காது.

ராஜஸ்தானின் மார்வார் பகுதி விவசாயிகள் வன்னியை வயல் நடுவிலேயே விட்டுவைப்பார்கள். வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்க்கும், உதிரும் இலை உரமாகும், நிழலும் மெல்லியது என்பதால் அதனடியில் கம்பு செழிப்பாகவே விளைகிறது. குளிர்காலத்தில் கிளை கழித்து எடுக்கும் தழைக்கு லூங் என்று பெயர். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதுதான் தீவனம். பிஞ்சுக் காய் சாங்ரி. அதை அவித்துக் காயவைத்து ஆண்டு முழுவதும் கறி சமைப்பார்கள். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது: மொட்டையடித்த மரம் அந்த ஆண்டு காய்ப்பது அரிது. மரத்துக்குப் பத்து வயதாவது ஆன பிறகு கழிப்பதும், உச்சியில் கொஞ்சம் தழை விட்டுவைப்பதும் நல்லது. அங்குள்ள பிஷ்னோய் சமூகத்து மக்களோ பச்சை மரத்தை வெட்டவே மாட்டார்கள். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், அரண்மனைக்கு விறகு வெட்ட வந்தவர்களைத் தடுத்து அமிர்தா தேவியும் 362 பேரும் உயிர்விட்டார்கள்.

காய்க்காக மட்டும் வளர்ப்பவர்களுக்கு மொட்டு ஒட்டுக் கட்டிய கன்று வசதி. பிகானேரில் உள்ள மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம் தந்த தார் ஷோபா ரகத்தில் முள் இல்லை, காயும் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும்.

இவ்வளவு தாக்குப்பிடிக்கும் மரமும் ராஜஸ்தானில் பல இடங்களில் நின்றபடியே காய்ந்துபோகிறது. நிலத்தடி நீர் இறங்கிப்போனது ஒரு காரணம். ஆண்டுதோறும் முழு மொட்டையடிப்பது இன்னொன்று. டிராக்டர் கலப்பை பக்கவேர்களை அறுக்கும்போது அந்தக் காயம் வழியாக கானோடெர்மா என்ற பூஞ்சை நுழைகிறது. வேரைத் துளைக்கும் வண்டின் புழு மீதியை முடிக்கிறது. அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் தட்டுக்காளான் தெரியும்போது உள்ளே வேர் அநேகமாக அழுகியிருக்கும். மரத்தைச் சுற்றிச் சில அடிக்கு உழாமல் விடுவதே தடுப்பு. செத்த மரத்தை வெட்டினால் கட்டையையும் வேரையும் தோண்டி எரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பூஞ்சை மண்ணுக்குள்ளேயே அடுத்த மரத்தின் வேருக்குப் போய்விடும்.