கேட்டது நினைவில் நிற்குமா?

மாணவர்களே, காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறுகிறீர்கள். காதில் இயர்போன், கைப்பேசியில் ஒரு நூலின் 15 நிமிட ஒலிச்சுருக்கம். கே.எல். சென்ட்ரல் வருவதற்குள் மூன்று நூல்களைக் கேட்டுவிடலாம். ஆனால், பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியதும் நண்பர் ஒருவர், “முதல் நூல் என்ன சொன்னது?” என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா?

என் வகுப்பில் படிவம் 4 மாணவி ஒருவர், சவ்வூடு பரவல் பாடத்தின் ஒலிச்சுருக்கத்தை ஐந்து முறை கேட்டு வந்தார். “எல்லாம் தெரியும், டீச்சர்” என்றார். “உப்பு நீரில் போட்ட மாங்காய் ஏன் சுருங்குகிறது?” என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ஏன் இப்படி? நாம் கேட்பது முதலில் செயல் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரே நேரத்தில் சில செய்திகளுக்கு மட்டுமே இடம் உண்டு. வாசிக்கும்போது புரியாத வரியில் கண் நின்று, பின்னால் போய்ப் பார்த்து வரும். ஒலி நமக்காக நிற்பதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் சொற்கள் பழகிவிடும். அந்தப் பழக்கத்தையே ‘புரிந்துவிட்டது’ என்று நாம் தவறாக எண்ணிவிடுகிறோம்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்கள் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். இன்னொரு பகுதியை ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் இருந்ததைப் பாராமல் எழுதினர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்ததில் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது: இருமுறை படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. இது வாசிப்பில் நடந்த சோதனை. ஆயினும் கேட்டுப் படிப்பவர்களும் இதைப் பின்பற்றலாம்.

அப்படியானால் ஒலிநூல் வேண்டாமா? வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் ஒலிநூல் வழியாகவே ஆழமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்காக உருவான ‘டெய்சி’ வகை ஒலிநூலில் வேண்டிய அத்தியாயத்துக்குத் தாவலாம். அடையாளம் வைத்துத் திரும்பி வரலாம். அதாவது, நிறுத்தியும் திரும்பியும் கேட்பதற்கு ஏற்றபடியே அது அமைக்கப்பட்டுள்ளது.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள்:

1. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலியை நிறுத்தி, கேட்டதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

2. விட்டுப்போனதை மட்டும் மறுபடியும் கேளுங்கள்.

3. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் கேட்காமலேயே எழுதிப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சுருக்கத்தில் முடிவு இருக்கும். காரணமும் எடுத்துக்காட்டும் பல வேளைகளில் விடுபட்டிருக்கும். ஆகவே, பாடநூலைப் படிப்பதற்கு முன்போ பின்போ அதைக் கேளுங்கள். பாடநூலுக்குப் பதிலாகக் கேட்காதீர்கள்.

அந்த மாணவி இப்படியே செய்தார். அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார்: “மாங்காயின் உயிரணுக்களில் இருக்கும் நீர், சவ்வைக் கடந்து உப்பு நீருக்குப் போய்விடுகிறது, டீச்சர். அதனால்தான் சுருங்குகிறது.”

நாளைக் காலை ரயிலில் மூன்று சுருக்கம் வேண்டாம்; ஒன்று போதும். இறங்குவதற்குள் அதை நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.