மேற்கோள் எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களை அளப்பதுபோல், ஆய்வாளர்களையும் எண்களைக் கொண்டு அளக்கிறார்கள். ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என்பதே அதன் அடிப்படை. பல்கலைக்கழக வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றைப் பற்றி முடிவெடுக்கும்போதும் இந்த எண்கள் பார்க்கப்படுவதுண்டு. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? மூளை ஆய்வில் புகழ்பெற்ற இரண்டு கட்டுரைகளைக் கொண்டு பார்ப்போம்.

எப்படி எண்ணுகிறார்கள்?

ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதும்போது, தமக்கு உதவிய முந்தைய கட்டுரைகளை இறுதியில் பட்டியலிடுவார். அப்பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மேற்கோள் சேரும். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு, 1964இல் இத்தகைய பட்டியல்களைத் தொகுத்து அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார்.

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் ‘எச் குறியீடு’ என்ற அளவை அறிமுகப்படுத்தினார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 10, 8, 5, 4, 3 மேற்கோள்களைப் பெற்றுள்ளன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை நான்கு கட்டுரைகள். ஆகவே அவருடைய எச் குறியீடு 4. அது 5 ஆக வேண்டுமானால், ஐந்து கட்டுரைகளும் குறைந்தது 5 மேற்கோள்களைப் பெற்றிருக்க வேண்டும்.

நினைவாற்றலை விளக்கிய 11 பக்கங்கள்

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகரில், கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட 27 வயது இளைஞருக்கு மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் மூளை அறுவை சிகிச்சை செய்தார். மூளையின் இருபுறத்திலும் ‘ஹிப்போகேம்பஸ்’ என்னும் பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால், சற்றுமுன் நடந்தது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை.

கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து வந்து அவரைச் சோதித்தார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரை 11 பக்கமே கொண்டது. அந்த இளைஞர் அதில் ‘எச்.எம்.’ என்றே குறிப்பிடப்பட்டார். பின்னர் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை மில்னர் அவருக்குக் கொடுத்தார். முந்தைய நாள் வரைந்தது அவருக்கு நினைவில்லை. ஆயினும் அவருடைய கை நாளுக்கு நாள் தேறியது. நினைவாற்றல் ஒரே வகையானதல்ல என்பது இதனால் தெளிவானது. 1957ஆம் ஆண்டுக் கட்டுரை இதுவரை பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது.

மீட்டுக்கொள்ளப்பட்ட கட்டுரை

2006இல் ‘நேச்சர்’ இதழில் அல்சைமர் எனும் மறதி நோய் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. குறிப்பிட்ட ஒரு புரதத் திரளை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் நினைவாற்றல் குறைந்ததாக அது கூறியது. 2,000க்கும் மேற்பட்ட மேற்கோள்களும் அதற்குக் கிடைத்தன. ஆனால் அதிலுள்ள படங்கள் வரம்புமீறித் திருத்தப்பட்டிருந்த அடையாளங்கள் தென்பட்டதால், 2024இல் அக்கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் அதை நம்பி ஆய்வு செய்தவர்களின் உழைப்பை யார் திருப்பித் தர முடியும்?

எண்ணுக்குப் பின்னால்

இந்த இரண்டு கட்டுரைகளையும் எச் குறியீடு வேறுபடுத்திப் பார்க்காது. கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைதான். பாராட்டி எழுதினாலும் மறுத்து எழுதினாலும் அது ஒரு மேற்கோளே. தம் பழைய கட்டுரையைத் தாமே குறிப்பிட்டாலும் பல கணக்குகளில் எண் கூடும். மில்னரைப்போல் ஒரு துறையின் போக்கையே மாற்றும் கட்டுரையை எழுதினாலும், அந்த ஒரு கட்டுரையால் எச் குறியீடு ஒன்றுக்குமேல் உயராது.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் எடுத்துப் பேசினார்கள் என்பதை மேற்கோள் எண்ணிக்கை சொல்லும். அது சரியா என்பதைச் சொல்லாது. ஆகவே, மாணவர்களே, பள்ளித் திட்டப்பணிக்காக இணையத்தில் ஆய்வுக் கட்டுரையைத் தேடும்போது எண்ணை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். அக்கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டதா, வேறு ஆய்வகங்கள் அதே சோதனையைச் செய்து அதே முடிவைக் கண்டனவா என்பதையும் பாருங்கள்.